கவுண்டருக்கு அந்தப் பக்கம்

குமாரபாளையத்தில் பி.ஃபார்ம் கடைசி வருஷம் படிக்கும் என் அக்கா மகள் போன மாதம் போனில் கேட்டாள். "மாமா, கனடா போறதுக்கு முன்னாடி நீங்க எத்தனை வருஷம் பார்மசிஸ்டா இருந்தீங்க?"

எட்டு வருஷம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. 1999இல் பட்டம் வாங்கினேன், 2007 பிப்ரவரியில் டொரொண்டோவில் இறங்கினேன். இடைப்பட்ட காலத்தில் ஒருநாள்கூட நான் பார்மசிஸ்டாக இருந்ததில்லை. அம்பத்தூரில் ஒரு மாத்திரை கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தேன். எடை சரியாக இருக்கிறதா, உருட்டினால் உதிர்கிறதா, மேல்பூச்சு இல்லாத மாத்திரை தண்ணீரில் 15 நிமிஷத்துக்குள் கலைகிறதா என்று பார்ப்பதுதான் வேலை. லட்சக்கணக்கான மாத்திரைகளைப் பார்த்திருக்கிறேன். அதில் ஒன்றை விழுங்கிய ஒரு மனுஷரைப் பார்த்ததில்லை.

என் சான்றிதழ் மட்டும் கடையில் இருந்தது. ஊரில் ஒரு மெடிக்கல்ஸின் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், சாமி படத்துக்குப் பக்கத்தில். அதற்கு மாதம் ஒரு தொகை வரும். பதிவு பெற்ற மருந்தாளுநர்தான் மருந்து கொடுக்க வேண்டும் என்று 1948ஆம் வருஷத்து பார்மசி சட்டம் சொல்கிறது. கொடுத்ததோ பத்தாவது முடித்த ஒரு பையன். எந்த டாக்டரின் கிறுக்கல் என்ன மருந்து என்பது அவனுக்கு அத்துபடி. எனக்கு அது இன்றைக்கும் வராது. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. எங்கள் வகுப்பில் பாதிப் பேரின் சான்றிதழ் அப்படித்தான் ஏதோ ஒரு சுவரில் தொங்கியது. டி.ஃபார்ம் படித்தவன் கடைக்கு, பி.ஃபார்ம் படித்தவன் கம்பெனிக்கு அல்லது ரெப் வேலைக்கு என்பது எழுதாத விதி.

ஆகவே, பார்மசிஸ்டாக வெளிநாடு போனேன் என்று நான் சொல்வது முழு உண்மை இல்லை. அங்கே போய்த்தான் பார்மசிஸ்ட் ஆனேன்.

நாங்கள் விடுதியில் இருந்த நாட்களில் வெளிநாடு என்றால் அமெரிக்கா. அங்கே மருந்தகங்கள் பெருகிக்கொண்டிருந்தன, ஆள் போதவில்லை. 2000 டிசம்பரில் அமெரிக்க அரசே பார்மசிஸ்ட் பற்றாக்குறை பற்றித் தனி அறிக்கை வெளியிட்டது. நான்கு வருஷப் பட்டம் இருந்தால் எஃப்.பி.ஜி.இ.இ. என்ற தகுதித் தேர்வு எழுதலாம். கூடவே டி.எஸ்.இ. என்றொரு பேச்சுத் தேர்வு. எதிரே ஆள் இருக்காது, டேப்பில் வரும் கேள்விக்கு டேப்பிலேயே பதில் பேச வேண்டும். 50 மதிப்பெண் வாங்க வேண்டும். சீனியர் ஒருவர் அதற்காக மொட்டைமாடியில் நின்று வாக்மேனோடு பேசிப் பழகியதைப் பார்த்து, காதல் தோல்வி என்று வாட்ச்மேன் பரிதாபப்பட்டார்.

பிறகு ஒரு தேதி வந்தது. 2003 ஜனவரி 1க்குப் பிறகு பட்டம் வாங்கியவர்கள் ஐந்து வருஷப் பாடத்திட்டத்தில் படித்திருக்க வேண்டும் என்று அமெரிக்காவில் விதியை மாற்றினார்கள். எங்கள் பி.ஃபார்ம் நான்கு வருஷம். எனக்குப் பின்னால் வந்த வகுப்புகளுக்கு அந்தக் கதவு சாத்திக்கொண்டது. கனடா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, வளைகுடா என்று எல்லோரும் திரும்பினார்கள். 2008இல் இந்தியாவில் ஆறு வருஷ ஃபார்ம்.டி. படிப்பு வந்த பிறகுதான் அமெரிக்கப் பேச்சு கல்லூரிகளில் மறுபடி எழுந்தது. "ஃபார்ம்.டி. பசங்க யு.எஸ். பத்திப் பேசுறாங்க, நாங்க கனடா பத்திப் பேசுறோம். ஒரே கேன்டீன், ரெண்டு டேபிள்" என்கிறாள் அக்கா மகள்.

எனக்கு அமெரிக்காவுக்குத் தகுதி இருந்தது. ஆனால் அங்கே ஏதாவது ஒரு கடை விசாவுக்குக் கையெழுத்துப் போட வேண்டும். கனடா நேரடியாகக் குடியுரிமைக்கு முந்தைய நிரந்தர வசிப்புரிமையையே தந்தது. 67 புள்ளி இருந்தால் போதும். விண்ணப்பம் கட்டுக் கட்டாகக் காகிதம், கூரியரில் டெல்லி தூதரகத்துக்குப் போகும், பிறகு மௌனம். மூன்றரை வருஷம் காத்திருந்தேன். கனடா தேர்வு வாரியத்துக்கு மதிப்பெண் பட்டியலைப் பல்கலைக்கழகமே நேராக அனுப்ப வேண்டும், உறையின் ஒட்டுவாய் மேல் கையெழுத்தும் முத்திரையும் விழுந்திருக்க வேண்டும். அந்த முத்திரைக்காக நான்கு முறை பஸ் ஏறினேன். முத்திரை இருக்கும் நாளில் கையெழுத்துப் போடுபவர் இருக்க மாட்டார்.

இதைவிடக் கொடுமை என் அறைத்தோழனுக்கு நேர்ந்தது. அவன் 2006இல் விண்ணப்பித்தான். 2012இல் கனடா அரசு, 2008 பிப்ரவரி 27க்கு முன் வந்து தேங்கிக்கிடந்த விண்ணப்பங்களை மொத்தமாக ரத்து செய்து பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. சுமார் 2,80,000 பேர் அந்த ஒரே முடிவில் வரிசையிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். அவனுக்கு அதற்குள் இரண்டு குழந்தைகள், ஓசூரில் வீட்டுக் கடன். "நல்லவேளை, செக்கை பேங்க்ல போட்டு ஃப்ரிட்ஜ் வாங்கினேன்" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

அக்கா மகளுக்கு இதெல்லாம் பழங்கதை. 2015 முதல் எக்ஸ்பிரஸ் என்ட்ரி. தன் புள்ளி எத்தனை, போன சுற்றில் எத்தனையில் நிறுத்தினார்கள் என்று கிரிக்கெட் ஸ்கோர் போல ஒப்பிக்கிறாள். முதல் தேர்வான இவால்யுவேட்டிங் தேர்வைக் கனடாவில் கால் வைக்காமலே கணினியில் எழுதிவிடலாம். கெய்ரோவில் ஒரு பெண், ஹைதராபாத்தில் ஒரு பையன், இவள் என்று மூன்று பேர் இரவு பத்து மணிக்கு வீடியோவில் கூடிப் படிக்கிறார்கள். ஸ்கார்பரோ நூலகத்தில், எனக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் கைமாறி எழுத்தே மங்கிப்போன ஜெராக்ஸ் நோட்டை வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தவன் நான். வழி தெரியாததுதான் எங்கள் கஷ்டம். இவளுக்கு ஆயிரம் பேர் வழி சொல்கிறார்கள். அதில் யார் காசுக்குச் சொல்கிறார்கள் என்று பிரிப்பது இவள் கஷ்டம்.

இறங்கிய பிறகு எனக்குக் கிடைத்தது ஸ்கார்பரோவில் ஒரு சின்ன பார்மசியில் உதவியாளர் வேலை. முதல் நாளே என் படிப்பு பாதி செல்லாமல் போனது. பாரசிட்டமால் அங்கே அசிட்டமினோஃபென். கிளிபென்கிளமைடு கிளைபுரைடு. ரிஃபாம்பிசின் ரிஃபாம்பின். அட்ரினலின் எபிநெஃப்ரின். அனால்ஜின் என்றால் யாருக்கும் தெரியவில்லை, அது அங்கே விற்பனையிலேயே இல்லை. மாத்திரை அட்டையாக வராது, பெரிய டப்பாவில் உதிரியாக வரும். தட்டில் கொட்டி, தட்டையான கரண்டியால் ஐந்து ஐந்தாகத் தள்ளி எண்ண வேண்டும். எட்டு வருஷம் மாத்திரையை எடை போட்டவன் முப்பது மாத்திரையை எண்ணத் திணறினேன்.

காலையில் கடை திறந்ததும் சிலர் வரிசையில் நிற்பார்கள். போதைப் பழக்கத்திலிருந்து மீள மெத்தடோன் எடுப்பவர்கள். ஆரஞ்சு டாங்கில் கலந்து கொடுப்போம். பார்மசிஸ்ட் கண்ணெதிரே குடிக்க வேண்டும். விழுங்கிவிட்டார்களா என்று உறுதிசெய்ய இரண்டு வார்த்தை பேசவைப்பார் எங்கள் பார்மசிஸ்ட். ஆனால் அவர் கேட்டது "விழுங்கியாச்சா?" என்றில்லை. "உன் நாய்க்குட்டி எப்படி இருக்கு?" என்றார். அந்த ஆள் நாயைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசினான். இதுவும் இந்த வேலையில் சேர்த்தியா என்று எனக்கு ஆச்சரியம்.

அந்தப் பகுதியில் ஈழத்தமிழர்கள் நிறைய. தமிழ் தெரியும் என்பதற்காகத்தான் என்னைச் சேர்த்தார்கள். என் தமிழ் போதவில்லை. மாத்திரை அவர்களுக்குக் குளிசை. மருந்துச் சீட்டு துண்டு. தலைவலி தலையிடி, சளி தடிமன், வலி நோ. நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் எடுக்கத் தொடங்கிய ஒரு பெரியம்மா, முதியோருக்கான அரசு மருந்துத் திட்டத்துக்குக் கட்டவேண்டிய 2 டாலர் நாணயத்தைக் கைக்குட்டை முடிச்சிலிருந்து எடுத்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, இந்தக் குளிசை போட்டா சத்தி வருகுது."

சக்தி வருகிறது என்று கேட்டது எனக்கு. "ரொம்ப நல்லதும்மா, விடாமப் போடுங்க" என்றேன். பெரியம்மா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். பின்னால் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்துக்காரர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுச் சொன்னார், சத்தி என்றால் வாந்தி. பார்மசிஸ்ட் சிரிக்கவில்லை. உடனே போன் செய்து அவரை வரவழைத்தார். சாப்பாட்டுக்கு முன்னால் வெறும் வயிற்றில் போடுகிறாரா, எத்தனை நாளாக, வேறு என்ன எடுக்கிறார் என்று எல்லாம் கேட்டார், டாக்டரிடம் பேசி அளவைக் குறைக்க வைத்தார். நான் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தேன்.

பாடம் அங்கேயே முடிந்திருக்கலாம். எனக்கு உறைக்க இன்னும் இரண்டு வருஷமானது. கடைசித் தேர்வு ஓஸ்கி. அறை அறையாகப் போக வேண்டும், ஒவ்வோர் அறையிலும் நோயாளியாக நடிக்கப் பயின்ற ஒருவர் உட்கார்ந்திருப்பார், ஏழு நிமிஷம். முதல் முறை தோற்றேன். ஒவ்வோர் அறையிலும் மருந்தின் இயக்கம், பக்கவிளைவு, இடைவினை என்று மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு வந்தேன். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. எனக்குக் கிடைத்த மருந்தியல் முழுக்க மருந்தைப் பற்றியது, ஆளைப் பற்றிய தாள் எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை.

2010இல் உரிமம் கையில் வந்தது. அதே வருஷம் ஒன்டாரியோ அரசு ஜெனரிக் மருந்துகளின் விலையை அசல் பிராண்டின் கால் பங்காகக் குறைத்தது. தயாரிப்பாளர்கள் கடைகளுக்குக் கொடுத்துவந்த சலுகைத் தொகையையும் படிப்படியாக நிறுத்தியது. நோயாளிக்கு நல்லதுதான். கடைகள் பார்மசிஸ்டின் மணிநேரத்தைக் குறைத்தன. மூன்று வருஷம் தவம் கிடந்து வாங்கிய உரிமத்தோடு, வாரத்தில் இரண்டு நாள் இங்கே, ஒரு நாள் ஒன்றரை மணிநேரம் தள்ளி அங்கே என்று அலைந்தேன்.

எண்ணிக் கொடுத்து வாழ்ந்த தொழில் அந்தக் கட்டத்தில்தான் மாறத் தொடங்கியது. 2012இல் ஒன்டாரியோவில் பார்மசிஸ்ட்கள் ஃப்ளூ தடுப்பூசி போடலாம் என்றானது. ஊசி போடப் பயிற்சிக்குப் போனபோது என் கை நடுங்கியது, அம்பத்தூரில் கையுறைக்குள் இருந்த கை அல்லவா. 2023 ஜனவரி 1 முதல் 13 சின்ன நோய்களுக்கு, அக்டோபரில் இருந்து 19க்கு, நாங்களே மருந்து எழுதுகிறோம். கண்சிவப்பு, உதட்டுப் புண், பூச்சிக்கடி, பெண்களுக்கு வரும் சிறுநீர் எரிச்சல். எரிச்சல் எத்தனை நாளாக, காய்ச்சல் உண்டா, முதுகில் வலிக்கிறதா, கர்ப்பமா என்று கேட்டு, இது என் எல்லைக்குள் இருக்கிறதா, டாக்டரிடம் அனுப்ப வேண்டியதா என்று முடிவெடுக்க வேண்டும். மாத்திரையை இப்போது உதவியாளர்களும் பல இடங்களில் எந்திரமும் எண்ணுகின்றன. ஒரு நாளைக்கு இத்தனை ஆலோசனை செய்தாயா என்று கணக்குக் கேட்கும் முதலாளிகளும் வந்துவிட்டார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. கணக்குக்காகக் கேட்கும் கேள்வி கேள்வியாக இருக்காது.

அக்கா மகளுக்கு ஏழாவது செமஸ்டரில் பார்மசி பிராக்டிஸ் என்று ஒரு தாளே இருந்தது. நோயாளியிடம் எப்படிப் பேசுவது என்று படித்திருக்கிறாள், பரீட்சையும் எழுதியிருக்கிறாள். ஆனால் ஊரில் கடைக்குப் போனால், டோலோ ஒரு அட்டை என்று கேட்டு வாங்கிக்கொண்டு வருகிறாள். கவுண்டருக்கு அந்தப் பக்கம் இன்னும் ஒரு பையன்தான் நிற்கிறான், நாங்கள் பார்த்த பையன் இல்லை, வேறு பையன். சான்றிதழ் வாடகை பற்றிக் கேட்டேன். "இப்பவும் கேக்குறாங்க மாமா. தொகை ஏறியிருக்கு" என்றாள். அவள் கொடுக்கப் போவதில்லையாம்.

போன ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஒரு மாதிரித் தேர்வு வைத்தேன். ஏழு நிமிஷத்துக்கு போனில் டைமர். நான் நோயாளி. மெட்ஃபார்மின் சீட்டு. அவள் ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள், பெயர், வயது, ஒவ்வாமை, எல்லாம் வரிசையாக. ஸ்கார்பரோவில் ஆங்கிலம் தெரியாதவர்களும் வருவார்கள் என்று சொல்லி, குரலைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு கேட்டேன்.

"பிள்ளை, இந்தக் குளிசை போட்டா சத்தி வருகுது."

ஒரு நொடி அமைதி. புத்தகத்தைப் புரட்டும் சத்தம் கேட்கவில்லை.

"சத்தின்னா என்னம்மா? எனக்குப் புரியல. கொஞ்சம் விளக்கிச் சொல்றீங்களா? எப்போ வருது, சாப்பிடறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

நோயாளிக்குப் பதில் சொல்லத் தோன்றவில்லை. டைமர் ஓடிக்கொண்டிருந்தது.

"மாமா, லைன்ல இருக்கீங்களா?"