பள்ளிக்கரணைச் சதுப்புநிலம்: பருவந்தோறும் பறவைகள்

தென்சென்னையின் ஏரிகளில் நிரம்பி வழியும் மழைநீர் இங்கே வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியே கடலை நோக்கிச் செல்கிறது. இச்சதுப்புநிலம் 2022இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது.

ஆண்டு முழுவதும்: ஆழமில்லாத நீரில் இளஞ்சிவப்புக் கால்களை எடுத்து வைத்து நடப்பது நெடுங்கால் உள்ளான். கோரைப் புதரோரம் நீலமும் ஊதாவுமாக மின்னுவது நீலத் தாழைக்கோழி. அது தண்டை ஒரு காலால் பிடித்துக் கடித்துத் தின்னும். வாலைச் சொடுக்கும்போது அடியில் வெள்ளை தெரியும்.

அக்டோபர் முதல் மார்ச் வரை: வட ஆசியாவின் குளிருக்குத் தப்பி ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் வருகின்றன. தட்டைவாயனின் அலகு கரண்டிபோல் அகன்றது. அதன் ஓரத்திலுள்ள சீப்புப் பற்கள் நீரை வடிகட்டி, சிற்றுயிர்களை வாயில் நிறுத்திக்கொள்ளும்.

நீர் வற்றும் காலம்: சேறு வெளிப்பட்டதும் கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, பூநாரை ஆகியவற்றைத் தேடலாம். பூநாரை அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி இரையெடுக்கும்.

தென்மேற்குப் பருவக்காலம்: நீண்ட கரிய வாலுடன் மிதக்கும் இலைகள்மேல் நடப்பது நீளவால் இலைக்கோழி. விரிந்த நீள்விரல்கள் எடையைப் பரப்புவதால் இலை அமிழ்வதில்லை. பெண் முட்டையிட்டுவிட்டு வேறு துணை தேடிப் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் ஆணின் பொறுப்பு.

விடியற்காலையும் மாலையும் பார்க்க ஏற்ற நேரம். பறவைகளுக்கு உணவு போட வேண்டாம்.