சுடோக்கு முதல் தாதியர் பணி அட்டவணை வரை: கணினி புதிர்களை எப்படித் தீர்க்கிறது?

பள்ளிக் கேளிக்கைச் சந்தையில் உங்கள் வகுப்புக்கு ஒரு கடை. காலை 9 மணி முதல் பகல் 1 மணி வரை 4 பேர், ஆளுக்கு ஒரு மணி நேரம் நிற்கவேண்டும்.

யாருக்கு எந்த நேரம்?

வாட்ஸ்அப் குழுவில் கேட்டுப் பாருங்கள். "எனக்கு முதல் நேரம் வேண்டாம்", "அவ முடிச்சவுடனே நான் வர்றேன்" என்று பதில்கள் குவியும். கடைசியில் யாராவது ஒருவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்!

உண்மையில் இது ஒரு தர்க்கப் புதிர். செயற்கை நுண்ணறிவுத் துறையில் இதற்கு ஒரு பெயரும் உண்டு: கட்டுப்பாடு நிறைவுச் சிக்கல். பெயர்தான் பெரிசு. விஷயம் எளிது.

கணினிக்கு எப்படிப் புரியவைப்பது?

மூன்று விஷயங்களைச் சொன்னால் போதும்.

- எவற்றை முடிவுசெய்ய வேண்டும்? இவை மாறிகள். இங்கே கவிதா, அருண், மெய்லிங், ஃபரீத் என 4 மாறிகள்.
- ஒவ்வொன்றுக்கும் என்னென்ன வாய்ப்புகள்? 1ஆம், 2ஆம், 3ஆம், 4ஆம் மணி நேரம்.
- எதை மீறக்கூடாது? இவை கட்டுப்பாடுகள்.

நம் கடைக்கு இப்படி வைத்துக்கொள்வோம்: ஒரு நேரத்துக்கு ஒருவர்தான். மெய்லிங்கிற்கு முதல் நேரமும் வேண்டாம், கடைசி நேரமும் வேண்டாம். கவிதா முடித்த கையோடு அருண் வரவேண்டும். ஃபரீத் கவிதாவுக்கு முன்னால் எப்போதாவது நிற்கவேண்டும்.

எல்லாவற்றையும் முயன்று பார்த்தால் என்ன?

4 பேரை வரிசைப்படுத்த 24 வழிகள். பார்த்துவிடலாம். 10 பேர் என்றால்? 3.6 மில்லியனுக்கும் மேல். ஆள் கூடக் கூட எண்ணிக்கை எகிறிக்கொண்டே போகும்.

அதனால் கணினி முதலில் நடக்காதவற்றை அடித்துவிடுகிறது.

கவிதாவுக்குப் பின் அருண் வரவேண்டும். ஆக, கவிதாவுக்கு 4 கிடையாது. அவருக்கு முன் ஃபரீத் இருக்கிறார். ஆக, 1ம் கிடையாது. மிச்சம் 2 அல்லது 3. மெய்லிங்கிற்கும் அதே 2 அல்லது 3தான். அருணுக்கு 3 அல்லது 4. ஃபரீதுக்கு 1 அல்லது 2.

இன்னும் யாருக்கும் நேரம் ஒதுக்கவே இல்லை. அதற்குள் ஒவ்வொருவரின் வாய்ப்பும் பாதியாகிவிட்டது, கவனித்தீர்களா?

இப்போது ஓர் ஊகம். கவிதாவுக்கு 2 என்று வைப்போம். அருணுக்கு 3. அப்படியென்றால் மெய்லிங்கிற்கு? 2ம் போச்சு, 3ம் போச்சு. முட்டுச்சந்து! ஃபரீதைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை.

கணினி ஓர் அடி பின்வாங்குகிறது. கவிதாவுக்கு 3. அருணுக்கு 4. மெய்லிங்கிற்கு 2. ஃபரீதுக்கு 1. முடிந்தது. வேறு விடையும் கிடையாது.

24 வரிசைகள் இருந்த இடத்தில் இரண்டே ஊகங்கள்.

முன்னாள் பிரதமர் எழுதிய நிரல்

சுடோக்குவும் இதே கதைதான். 81 கட்டங்கள் 81 மாறிகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 9 வரை வாய்ப்பு. 9 வரிசை, 9 நெடுவரிசை, 9 சிறு சதுரம் ஆகியவற்றில் எந்த எண்ணும் இரண்டு முறை வரக்கூடாது.

விதிகளுக்கு உட்பட்டு முழுதாக நிரப்பப்பட்ட சுடோக்குகள் எத்தனை தெரியுமா? அது 22 இலக்க எண். ஒவ்வொன்றாகப் பார்ப்பதெல்லாம் நடக்கிற காரியமில்லை.

2015இல் அப்போதைய சிங்கப்பூர்ப் பிரதமர் லீ சியென் லூங், சுடோக்குவைத் தீர்க்கத் தாம் சி++ மொழியில் எழுதிய நிரலை ஃபேஸ்புக்கில் பகிர்ந்துகொண்டார். கேம்பிரிட்ஜில் கணிதமும் கணினியியலும் படித்தவர் அவர்.

அந்த நிரலும் பின்வாங்கித் தேடும் முறையில்தான் இயங்குகிறது. கூடவே ஓர் உத்தி: அடுத்து ஊகிக்க, வாய்ப்புகள் ஆகக் குறைவாக உள்ள கட்டத்தைத் தேர்ந்தெடுப்பது. 7 வாய்ப்புள்ள கட்டத்தில் ஊகித்தால் தப்பாகப் போக வாய்ப்பு அதிகம். 2 வாய்ப்புள்ள கட்டம் என்றால் சரியோ தப்போ சீக்கிரம் தெரிந்துவிடும்.

பேனாவோடு சுடோக்கு போடும்போது நீங்களும் இதைத்தானே செய்கிறீர்கள்?

சரி, இதனால் என்ன பயன்?

பள்ளிக்கூட நேர அட்டவணை, விமான ஊழியர்களின் பணி நேரம், விளையாட்டுப் போட்டி அட்டவணை... எல்லாமே இந்த வகைச் சிக்கல்கள்தான்.

மருத்துவமனைத் தாதியரின் பணி அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள். இரவுப் பணி முடித்தவருக்கு மறுநாள் காலையே பணி கொடுக்கக்கூடாது என்ற கட்டுப்பாட்டை எழுத மறந்துவிட்டால்? கணினி தயங்காமல் கொடுத்துவிடும். தூக்கமில்லாமல் ஒருவர் நோயாளிக்கு மருந்து கொடுக்கும் நிலை வரும். கணினியின் கணக்குப்படி மட்டும் அந்த அட்டவணையில் தப்பே இல்லை!

எதை எழுதுகிறோம், எதை எழுதாமல் விடுகிறோம் என்பது மனிதர்கள் எடுக்கும் முடிவு. "கணினிதான் போட்டுச்சு" என்று யாராவது சொன்னால், "கட்டுப்பாடுகளை எழுதியது யார்?" என்று தாராளமாகக் கேட்கலாம்.

எல்லாக் கட்டுப்பாடும் ஒரே மாதிரி இல்லை. ஓய்வு நேரத்தை மீறவே கூடாது. "வெள்ளிக்கிழமை விடுப்பு கிடைத்தால் நல்லது" என்பது விருப்பம். முடிந்தால் நிறைவேற்றலாம்.

விடையே இல்லை என்றால்?

அதுவும் ஒரு விடைதான். எல்லா வழிகளும் அடைபட்டால், இந்தக் கட்டுப்பாடுகளோடு விடை இல்லை என்று நிரல் உறுதியாகச் சொல்லிவிடும். அட்டவணை போடுபவர் மீது குறை இல்லை. இருக்கும் ஆட்களை வைத்துச் சமாளிக்க முடியாது என்பதற்கு அதுவே ஆதாரம்.

சாட்பாட்களிடம் இந்த உறுதியை எதிர்பார்க்க முடியாது. அடுத்து எந்தச் சொல் பொருந்தும் என்று கணித்துப் பதில் எழுதும் மொழி மாதிரிகள் அவை. தப்பான விடையையும் நம்பிக்கையோடு சொல்லும். அதனால் கட்டுப்பாடுகளை எழுத மட்டும் சாட்பாட்டின் உதவியை நாடி, விடை தேடும் வேலையைத் தனி நிரலிடம் கொடுப்பது ஒரு நல்ல வழி.

ஆனால் ஒன்று. இந்த முறைக்கும் எல்லை உண்டு. சிக்கல் மிகப் பெரிதானால் விடை தேட மிக நீண்ட நேரம் பிடிக்கலாம்.

நீங்களே முயன்று பார்க்க ஆசையா?

கூகள் உருவாக்கிய ஓஆர்-டூல்ஸ் இலவசமாகக் கிடைக்கிறது. பைத்தான் கொஞ்சம் தெரிந்தால் போதும். மேலே உள்ள கடைப் புதிரிலிருந்தே தொடங்கலாம்.

பிறகு "கவிதா முடித்த கையோடு அருண்" என்ற கட்டுப்பாட்டை மட்டும் நீக்கிப் பாருங்கள். ஒன்றாக இருந்த விடை எத்தனையாக மாறுகிறது? கணினியைத் தொடும் முன், ஒரு தாளில் எழுதிக் கண்டுபிடிக்க முடிகிறதா?