பத்துப் பேரைச் சேர்த்து வேலை செய்வது எப்படி?
மும்பை நடைபாதை சொல்லித்தரும் பாடம்

சங்கம் தொடங்குவது எளிது, நடத்துவதுதான் கடினம். மாலைப் பள்ளியோ, மருத்துவ முகாமோ, படிப்பு உதவி நிதியோ, எந்தப் பொதுப்பணியும் பணமில்லாமல் மட்டும் நின்றுபோவதில்லை. செயலாளருக்குத் தெரிந்தது பொருளாளருக்குத் தெரியாது. இருவருக்கும் தெரிந்தது உறுப்பினர்களுக்குத் தெரியாது. மூன்றாம் ஆண்டில் சங்கம் இரண்டாகிவிடும். இந்த நோய்க்கு மருந்து தேடி வெளிநாட்டு நிர்வாகப் புத்தகங்களைப் புரட்ட வேண்டியதில்லை. நாம் வாழும் மும்பையிலேயே அது கிடைக்கிறது.

கோலார் தங்கவயலில் 1947-ல் பிறந்த தமிழர் ஜோக்கின் அற்புதம். 1963-ல் அன்றைய பம்பாய்க்கு வந்து தச்சு வேலை செய்தார். அவர் வாழ்ந்த ஜனதா காலனியில் குப்பை மலைபோல் குவிந்தது. அள்ள ஆள் வரவில்லை. அவர் மனு எழுதிக்கொண்டு உட்காரவில்லை. சிறுவர் சிறுமியரைத் திரட்டி, ஆளுக்கு ஒரு சிறு பொட்டலம் குப்பையைக் காகிதத்தில் கட்டிக்கொடுத்து, மாநகராட்சி அலுவலகத்தின் முன்னே போடச் செய்தார். அதன் பிறகுதான் அதிகாரிகள் பேச முன்வந்தார்கள். பெரிய வேலையை ஒவ்வொருவர் கையிலும் அடங்கும் சிறு பங்காகப் பிரித்துக் கொடுப்பதே தலைமையின் முதல் இலக்கணம்.

அவசர நிலைக் காலத்தில், 1976-ல், ஜனதா காலனி இடிக்கப்பட்டது. மக்கள் சீத்தா கேம்ப்புக்கு மாற்றப்பட்டனர். ஆனால் அவர் தொடங்கிய தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பு நிலைத்தது. 1984-ல் ஷீலா படேலும் நண்பர்களும் ‘ஸ்பார்க்’ என்ற சேவை நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பைகுல்லா நடைபாதைப் பெண்களின் ‘மஹிளா மிலன்’ சேர்ந்ததும் மூன்றும் கைகோத்தன. கடிதம், வங்கி, அரசுத் தொடர்பு ஸ்பார்க்கின் பொறுப்பு. மக்களைத் திரட்டுவது கூட்டமைப்பின் பொறுப்பு. சேமிப்பு பெண்களின் பொறுப்பு. யார் எதற்குப் பொறுப்பு என்பதில் மயக்கம் இல்லை.

நாணயத்தோடு வரும் செய்தி

அந்தப் பெண்களின் சேமிப்பு முறையைக் கவனியுங்கள். சேமிப்பு வாங்குபவர் வீடு வீடாக நடந்து, கிடைப்பது ஒரு ரூபாயானாலும் வாங்கிக்கொள்கிறார். கையில் வருவது நாணயம். கூடவே காதில் செய்தியும் வருகிறது. யாருக்குக் காய்ச்சல், யாருக்கு வேலை போயிற்று என்பதெல்லாம் தெரிந்துவிடுகிறது. மாதம் ஒருமுறை நாற்காலி போட்டு நடத்தும் கூட்டத்தில் இது வெளிவருமா? பேசத் தெரிந்தவர்தானே அங்கே பேசுகிறார்!

வீட்டுக்கு மாதிரி வரைந்தபோதும் அந்தப் பெண்கள் அடிக்கோலைத் தேடவில்லை. உடுத்தும் சேலையையே அளவாக்கிக்கொண்டார்கள். பேச வேண்டியது கேட்பவருக்குப் புரியும் அளவையில்தான்.

ஏட்டைத் திறந்து வைத்தால்

பெரிய சோதனை பின்னால் வந்தது. ரயில் பாதையோரக் குடிசைகளை அகற்றும் வேலை நகரப் போக்குவரத்துத் திட்டத்தில் வந்தபோது, சுமார் 60,000 பேர் வற்புறுத்தல் இல்லாமல் இடம் பெயர்ந்தனர். குடியிருப்போரே கணக்கெடுப்பில் பங்குகொண்டார்கள். எடுத்த கணக்கை மக்களிடமே திருப்பிக் காட்டிப் பிழை திருத்தினார்கள். விட்டுப்போன பெயரைப் புல்டோசர் வந்த பிறகல்ல, முன்னதாகவே சொல்ல வழியிருந்தது.

அதே திட்டத்தின் சாலைப் பகுதியில் நடந்தது வேறு. தங்களைச் சரிவரக் கலந்து பேசவில்லை என்று கடைக்காரர்களும் குடியிருப்போரும் 2004-ல் உலக வங்கியின் ஆய்வுக் குழுவிடம் முறையிட்டார்கள். 2006 மார்ச்சில் வங்கி கடனில் ஒரு பகுதியை நிறுத்தி வைத்தது. சில மாதங்கள் கழித்தே தடை நீங்கியது. ஊரும் திட்டமும் ஒன்றே. நல்ல பெயர் எடுத்த அமைப்புகள் பங்குகொண்ட திட்டத்திலேயே இது நேர்ந்தது என்பதை மறக்கக்கூடாது. நேற்றைய நம்பிக்கை இன்றைய கணக்குக்கு ஈடாகாது. ஒவ்வொரு முறையும் புதிதாகச் சம்பாதிக்க வேண்டும்.

ஜோக்கின் அற்புதத்துக்கு 2000-ல் மகசேசே விருதும், 2011-ல் பத்மஸ்ரீயும் கிடைத்தன. 2018-ல் அவர் மறைந்தார். அவர் கண்ட கூட்டமைப்பு அவரோடு முடிந்துவிடவில்லை.

நம் சங்கங்களை நடத்தும் அன்பர்கள் மூன்று காரியங்களைச் செய்து பார்க்கலாம். வரவு செலவை மாதந்தோறும் எல்லோரும் பார்க்கும் சுவரில் ஒட்டுங்கள். கூட்டத்துக்கு வராதவரின் வீட்டுக்கு ஒரு நடை போய் வாருங்கள். கெட்ட செய்தி இருந்தால், அது வதந்தியாக வருமுன் நீங்களே சொல்லிவிடுங்கள்.

மூன்றுக்கும் செலவு கிடையாது. கொஞ்சம் கூச்சத்தை விட வேண்டும், அவ்வளவே.