தொற்றும் தூசும்: 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலத் தொழிற்சாலைப் புதினங்களில் நோய் என்னும் சமூக உருவகம்

முன்னுரை

1840களிலும் 1850களிலும் இங்கிலாந்தில் எழுந்த தொழிற்சாலைப் புதினங்களில் நோய் இடையறாது இடம்பெறுகிறது. மான்செஸ்டர் போன்ற பஞ்சாலை நகரங்களில் வடிகாலின்மையும் நிலவறைக் குடியிருப்புகளும் காய்ச்சலுக்கு இடமளித்தன. 1842இல் வெளிவந்த எட்வின் சாட்விக்கின் அறிக்கை, உழைக்கும் மக்களின் சுகாதாரக் கேட்டினை அரசின் முன் வைத்தது. புதின ஆசிரியர்களோ நோயை மெய்ந்நிகழ்வாகக் காட்டியதோடு, சமூகத்தின் சீர்கேட்டைச் சுட்டும் உருவகமாகவும் கையாண்டனர். அவ்வுருவகம் எவ்வாறு செயற்பட்டது, எவ்விடத்தில் வலுவிழந்தது என்பனவற்றைச் சார்லஸ் கிங்ஸ்லி, எலிசபெத் காஸ்கெல் ஆகியோரின் புதினங்கள் வழி இக்கட்டுரை விளக்குகிறது.

உறவை மெய்ப்பிக்கும் தொற்று

தாமஸ் கார்லைல் 1843இல் வெளியிட்ட 'பாஸ்ட் அண்ட் பிரசண்ட்' என்னும் நூலில் எடின்பரோவில் வாழ்ந்த அயர்லாந்துக் கைம்பெண் ஒருத்தியின் செய்தி இடம்பெறுகிறது. அறநிலையங்கள் அனைத்தும் கைவிட்ட நிலையில் அவள் டைஃபஸ் காய்ச்சலால் இறக்கிறாள். அவளிடமிருந்து நோய் தொற்றிப் பதினேழு பேர் மாள்கின்றனர். அவளை உடன்பிறந்தவளாக ஏற்க மறுத்தவர்களுக்கு அவ்வுறவை நோயே மெய்ப்பித்தது என்பது கார்லைலின் வாதம்.

கிங்ஸ்லியின் 'ஆல்டன் லாக்' (1850) இக்கருத்தைக் கதையாக்குகிறது. இலண்டனில் குறைந்த கூலிக்குத் தைக்கும் தொழிலாளி ஒருவனின் குடும்பம் காய்ச்சலில் மடிகிறது. தைத்துக்கொண்டிருந்த மேலங்கியே பிணங்களுக்குப் போர்வையாகிறது. பின்னர் அவ்வங்கியை வாங்கி அணியும் வசதி படைத்த இளைஞன் அதே நோயால் இறக்கிறான். டைஃபஸ் உடைப்பேனால் பரவுகிறது என்பதைச் சார்ல் நிக்கோல் கண்டறிந்தது 1909இல்தான். அதற்கு ஏறத்தாழ 60 ஆண்டுகளுக்கு முன்பே ஆடையை நோயின் ஊர்தியாகக் கிங்ஸ்லி அமைத்துள்ளார். மலிவான ஆடையில் மறைந்திருக்கும் உழைப்புச் சுரண்டலை அந்நோய் வெளிக்கொணர்கிறது.

எனினும் இவ்வுருவகத்தின் அடித்தளம் அச்சமே ஆகும். ஏழையின் நோய் செல்வரையும் தாக்கும் என்பதனாலேயே அது கவனத்திற்குரியதாகிறது. அவ்வாறாயின், செல்வரைத் தாக்காத நோயின் நிலை யாது என்னும் வினா எழுகிறது.

எல்லை கடவாத காய்ச்சல்

காஸ்கெலின் 'மேரி பார்ட்டன்' (1848) இவ்வினாவின் முதற்படியில் நிற்கிறது. ஆலை எரிந்து வேலையிழந்த டேவன்போர்ட், கழிவுநீர் கசியும் நிலவறையில் காய்ச்சலோடு கிடக்கிறான். அவனுக்கு மருத்துவமனையில் இடம் கேட்டு, நண்பன் வில்சன் ஆலை முதலாளி கார்சனின் இல்லத்திற்குச் செல்கிறான். அங்குக் காலை உணவு நடைபெற்றுக்கொண்டிருக்கிறது. அத்தொழிலாளியின் பெயரே கார்சனுக்குத் தெரியவில்லை. அவர் உள்நோயாளிச் சீட்டு வழங்காமல், புறநோயாளிச் சீட்டு மட்டுமே தருகிறார். டேவன்போர்ட் இறக்கிறான், பின்னர் வில்சனின் இரட்டைக் குழந்தைகளும் காய்ச்சலால் இறக்கின்றனர்.

இங்குத் தொற்று ஏழைகளுக்குள்ளேயே நின்றுவிடுகிறது. கார்சனின் வீட்டை எட்டுவது காய்ச்சலன்று. அவர் மகனைக் கொல்லும் துப்பாக்கிக் குண்டு. நோய் உணர்த்தத் தவறிய உறவை வன்முறை உணர்த்துகிறது.

பஞ்சுத் தூசு

1854 செப்டம்பர் முதல் 1855 சனவரி வரை தொடராக வெளிவந்த 'நார்த் அண்ட் சவுத்' புதினத்தில் காஸ்கெல் மேலும் ஒரு படி செல்கிறார். பெஸ்ஸி ஹிக்கின்ஸ் பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் அறையில் வேலை செய்து நுரையீரல் கெட்டவள். அந்நோய்க்குப் 'பிசினோசிஸ்' என்னும் பெயர் பிற்காலத்தில்தான் வழங்கலாயிற்று. அது தொற்றுவதில்லை. தலைவி மார்கரெட் பெஸ்ஸியின் அருகில் அச்சமின்றி அமர்ந்திருக்கலாம். முதலாளியின் வீட்டிற்கும் அதனால் ஆபத்தில்லை.

ஆகவே இந்நோய் அச்சத்தின் மொழியில் பேச இயலாது; அது காரணத்தின் மொழியில் பேசுகிறது. தூசியை வெளியேற்றும் காற்றுச் சக்கரம் ஒன்று உண்டு என்பது பெஸ்ஸிக்குத் தெரியும். அதன் விலை 500 அல்லது 600 பவுண்டு இருக்கலாம் என்றும், அதனால் இலாபம் இல்லாமையால் முதலாளிகள் சிலரே பொருத்துகின்றனர் என்றும் அவள் கூறுகிறாள். பஞ்சை விழுங்கிப் பழகிய தொழிலாளர் சிலர், சக்கரம் வந்தால் பசி மிகும், கூலியும் உயரவேண்டும் என்று அதனை விரும்பவில்லை என்பதையும் அவள் மறைப்பதில்லை. தங்கையின் படிப்பிற்கும் தந்தை வாங்கும் நூல்களுக்கும் பணம் தேவைப்பட்டமையால் அவள் அவ்வறையிலேயே உழைத்தாள். நோயின் காரணம் இங்குக் கணக்காக விரிகிறது. அக்கணக்கில் முதலாளியின் இலாபம், தொழிலாளியின் பசி, குடும்பத்தின் அறிவு வேட்கை ஆகிய மூன்றும் இடம்பெறுகின்றன.

முடிவுரை

நோயை உருவகமாக்குவது நோயாளியின் மீது சுமையேற்றுகிறது என்று சூசன் சொண்டாக் 1978இல் வாதிட்டார். தொழிற்சாலைப் புதினங்கள் இவ்வாதத்திற்கு ஒரு வரலாற்றுச் சான்றைத் தருகின்றன. தொற்று என்னும் உருவகம் சமூக உறவை வலிமையோடு உணர்த்தியது. ஆயின் ஏழையின் துயரைச் செல்வரின் பாதுகாப்போடு பிணைத்தது. பெஸ்ஸியின் நோய் யாரையும் அச்சுறுத்தாதது, தவிர்த்திருக்கக்கூடியது. பிறருக்குத் தொற்றாத துன்பத்திற்கும் சமூகம் பொறுப்பேற்குமா என்பதே காஸ்கெல் எழுப்பும் வினா. நோயை உருவகத்திலிருந்து மீட்டு, விலையும் காரணமும் உடைய ஒன்றாகக் காட்டியமையே அப்புதினத்தின் தனித்த பங்களிப்பு எனலாம்.