குமாரலிங்கபுரத்துக்கு வரும் இயந்திரங்கள்: விலையோடு முடியாத கொள்முதல்

விருதுநகர் மாவட்டம் இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்கா அமையவிருக்கிறது. 2023 மார்ச்சில் ஒன்றிய அரசு அறிவித்த ஏழு பூங்காக்களில் இதுவும் ஒன்று. நூற்பு முதல் தையல் வரை ஒரே வளாகத்தில் நடக்க வேண்டுமென்றால் பாய்லர், பம்பு, மின்மாற்றி, சாயக்கழிவுச் சுத்திகரிப்பு என்று ஏராளமான கருவிகள் வேண்டும். அவற்றை யாரிடம், எந்த உடன்பாட்டில் வாங்குவது?

இந்த மண்ணுக்கு இது பழைய கேள்வி. 1920-களில் கல்கத்தாவில் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் இதே மாவட்டத்துச் சிவகாசியில் ஜெர்மன் இயந்திரங்களோடுதான் தொடங்கினார்கள். சில ஆண்டுகளிலேயே கைத்தொழில் முறைக்கு மாறினார்கள்.

நூற்பாலைகளின் கதை வேறு. ஒரு காலத்தில் தென்னிந்திய ஆலைகளுக்கு இயந்திரங்கள் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தன. 1962-இல் சுவிட்சர்லாந்தின் ரீட்டர் நிறுவனத்தின் தொழில்நுட்பக் கூட்டுறவோடு கோவையில் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் பிறந்தது. அதன்பின் ராஜபாளையத்து ஆலைக்கும் இயந்திரம் செய்பவருக்கும் இடையே ஒரு பகல் பயணம்தான்.

கருவியை வாங்கி நிறுத்தினால் மட்டும் போதாது என்பதற்குத் திருப்பூர் சாட்சி. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இருந்தும் கழிவுநீர் வெளியேறியதால், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அந்தப் பாடம் டெண்டர் ஆவணத்திலேயே இடம்பெற வேண்டும்.

எப்படி? முதலில், சப்ளையரின் பழைய வேலைகளை நேரில் பார்த்து தகுதிப் பட்டியல் போட வேண்டும். அடுத்து, அனுப்பும் முன்பே சப்ளையரின் ஆலையில் கருவியை ஓட்டிச் சோதிக்க வேண்டும். பணத்தில் ஒரு பகுதியை, சொன்ன திறனை எட்டிய பிறகே கொடுப்பதென எழுத வேண்டும். உதிரி பாகங்களின் விலை, பழுது பார்க்க வரவேண்டிய கால வரம்பு, உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி ஆகிய மூன்றும் ஆர்டருக்கு முன்பே முடிவாகிவிட வேண்டும். தமிழ்நாட்டின் 1998-ஆம் ஆண்டு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டமும் ஆவணத்தில் சொன்ன அளவுகோல்களின்படியே விலைகளை மதிப்பிடச் சொல்கிறது.

வாங்குபவருக்கும் கடமை உண்டு. குறு, சிறு நிறுவனங்களின் பாக்கியை அதிகபட்சம் 45 நாளில் தீர்க்க வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி.

சிவகாசி அச்சகங்களின் ஆஃப்செட் இயந்திரங்களைப் பழுது பார்த்துப் பழகிய கைகள் பக்கத்திலேயே இருக்கின்றன. பூங்காவின் பராமரிப்பு ஒப்பந்தங்களில் அவர்களுக்கும் பங்கு கிடைக்க வேண்டும். அதற்கு, குறு, சிறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவும் சோதனைச் சான்றுகளும் இப்போதே அவர்கள் கையில் இருக்க வேண்டும்.