கேஷும் காசும்

ஆங்கிலத்தில் பணத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ என்னும் சொல் நம் ‘காசு’ என்பதன் திரிபே என்று மேடைதோறும் முழங்கக் கேட்கிறோம், கைதட்டலும் எழுகிறது. ஆயின் அது பாதி உண்மையே. ஓர் அகராதியைப் புரட்டிய அளவில் சரிந்துவிடும் பெருமை தமிழுக்கு எதற்கு?

நல்ல ஆங்கில அகராதிகள் ‘கேஷ்’ என்பதை இரு தனிச் சொற்களாகவே பதிவு செய்கின்றன. கைரொக்கத்தைக் குறிக்கும் முதற்சொல், பெட்டி எனப் பொருள்படும் ‘காப்சா’ என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. பணப்பெட்டியின் பெயர் அதனுள் இருந்த பணத்துக்கு ஆகிவந்தது. ‘திருவிழாவுக்குத் திருப்பரங்குன்றமே திரண்டது’ என்கையில் திரண்டது ஊரன்று, ஊராரே. நாம் வகுப்பில் நடத்தும் இடவாகுபெயர்தான் இது. பணியிலிருந்து இழிவுடன் நீக்குதல் என்னும் பொருளிலும் ஆங்கிலத்தில் ‘கேஷியர்’ என்றொரு சொல் உண்டு. டச்சு வழிவந்த அதற்குப் பெட்டியோடும் உறவில்லை, காசோடும் உறவில்லை. ஒலி ஒப்புமையை மட்டும் நம்புவோர் இதனை நினைவிற் கொள்க.

இரண்டாவது ‘கேஷ்’ நம்முடையது. அது ஒரு சிறுநாணயத்தின் பெயர். முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகளில் முதலாக வைத்து வட்டி பெறப்பட்ட காசு, பிற்காலத்தில் செப்புக்காசாகச் சிறுத்தது. அதன் பெயரைக் கேட்ட போர்த்துக்கீசியர், பெட்டியைக் குறிக்கும் தம் ‘கைஷா’ என்னும் சொல்லின் ஒலியிலேயே அதனை வழங்கினர். ஆங்கிலேயர் அவர்வழிப் பெற்றமையால் சகரம் ஷகரமாயிற்று. சீனரின் துளையிட்ட செப்புநாணயத்துக்கும் ஆங்கிலத்தில் இப்பெயரே நிலைத்தது. (காசு வடமொழிக் ‘கர்ஷ’த்தோடு உறவுடையதா என்பது தனி வழக்கு, அதனுள் ஈண்டுப் புகவில்லை.)

கும்பினியார் காலத்துச் சென்னையில், 1818 வரை, 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். 1808இல் அவர்கள் இங்கிலாந்தில் அச்சடித்த 20 காசு நாணயத்தில், இருபது காசு நான்கு ஃபுலூஸ் ஆகும் எனப் பாரசீகத்தில் பொறித்தனர். வளைகுடாவில் உழைக்கும் நம் பிள்ளைகள் பணத்துக்குச் சொல்லும் அதே ஃபுலூஸ்! அதன் ஒருமையாகிய ‘ஃபல்ஸ்’, உரோமரின் ‘ஃபோலிஸ்’ என்னும் நாணயப் பெயரிலிருந்து அரபியிற் புகுந்தது. ஃபோலிஸ் என்பதற்கு முதற்பொருள் தோற்பை. அங்கே பெட்டி பணமாயிற்று. இங்கே பை பணமாயிற்று.

அந்நாணயங்களை ஏற்றிப் புறப்பட்ட ‘அட்மிரல் கார்டனர்’ என்னும் கப்பல் 1809 சனவரியில் இங்கிலாந்துக் கரையருகே மணல்திட்டில் மோதி மூழ்கிற்று. 1980களில் அவை பெருந்தொகையாக மீட்கப்பட்டன. நம் அண்டையிலுள்ள திருவிதாங்கூரிலோ 1949 வரை காசு வழங்கிற்று. அங்கே 448 காசு ஒரு ரூபாய்.