இரும்புக்கு தட்டுப்பாடு, ஆண்கள் ராணுவத்தில்... போர்க்காலத்தில் பெண்கள் செய்த அபூர்வ கிடார்!

அமெரிக்காவில் பழைய கிடார் சேகரிப்பவர்கள் போட்டி போட்டு தேடும் கிடார்களில் ஒன்று, இரண்டாம் உலகப்போர் நேரத்தில் கிப்சன் கம்பெனி செய்த கிடார். அதிலும் 'ஆர்ச்டாப்' வகை கிடைப்பது குதிரைக்கொம்பு. இதில் இன்னொரு ஆச்சரியமும் இருக்கு. போர் நடந்தபோது கிடார் செய்வதை நிறுத்திவிட்டு ராணுவ வேலைதான் பார்த்தோம் என்பதுதான் கம்பெனி தரப்பில் ரொம்ப காலமாக சொல்லப்பட்ட கதை. அப்படின்னா இந்த கிடார்களை செஞ்சது யாரு?

வளைந்த முகம்

முதலில் ஆர்ச்டாப் என்றால் என்ன என்று பார்ப்போம். சாதாரண கிடாரின் முகப்பலகை தட்டையாக இருக்கும். நடுவில் வட்டமாக ஒரு ஓட்டை இருக்கும். ஆர்ச்டாப் கிடாருக்கு முகப்பலகை வயலின் மாதிரி மேடாக வளைந்திருக்கும். நல்ல வகைகளில் கனமான ஸ்புரூஸ் மரப்பலகையை உளியால் செதுக்கி அந்த வளைவை கொண்டு வருவார்கள். வட்ட ஓட்டைக்கு பதில் வயலினில் இருப்பது போல இரண்டு பக்கமும் நீளமான துளைகள் இருக்கும்.

மிச்சிகன் மாநிலத்தில் உள்ள கலமசூ நகரைச் சேர்ந்த ஆர்வில் கிப்சன்தான் இப்படி செதுக்கும் முறைக்கு 1898-ல் காப்புரிமை வாங்கியவர். அவர் பெயரில் 1902-ல் கம்பெனி தொடங்கியது. டிரம், டிரம்பெட் சத்தத்துக்கு நடுவிலும் கணீரென்று கேட்டதால் ஜாஸ் குழுக்கள் ஆர்ச்டாப்பை விரும்பி வாங்கின.

இரும்புக்கு தடை

1941 கடைசியில் அமெரிக்கா போரில் குதித்தது. குண்டு, விமானம், கப்பல் செய்யவே உலோகம் போதவில்லை. அதனால் இசைக்கருவிகளில் உலோகம் பயன்படுத்த 1942-ல் அரசு கடும் கட்டுப்பாடு போட்டது.

மரத்தில் செய்யும் கிடாருக்கு இரும்பு எதுக்குன்னு கேட்கலாம். எஃகு தந்திகளை முறுக்கி ஏற்றினால் 70 கிலோவுக்கு மேல் இழுவிசை உண்டாகும். அந்த இழுப்பில் கிடாரின் கழுத்து வளையாமல் இருக்க உள்ளே ஒரு எஃகு கம்பி வைப்பார்கள். கிப்சன் கம்பெனி 1920-களிலேயே கொண்டு வந்த முறை இது. போர் வந்ததும் பல கிடார்களில் இந்த கம்பியை விட்டுவிட்டார்கள். அதற்கு ஈடாக கழுத்தை தடிமனாக செய்தார்கள். உறுதியான மேப்பிள் மரத்துண்டுகளை ஒன்றோடு ஒன்று ஒட்டியும் கழுத்து செய்தார்கள். அதனால்தான் போர்க்கால கிடாரை கையில் பிடித்தால் உருட்டுக்கட்டை மாதிரி இருக்கும்.

காட்டிக்கொடுத்த போட்டோ

தொழிற்சாலையில் இருந்த ஆண்கள் பலர் ராணுவத்துக்கு போய்விட்டார்கள். அந்த இடத்துக்கு கலமசூ பெண்கள் வந்தார்கள். தொழிற்சாலை வாசலில் சுமார் 75 பெண்கள் நிற்கும் போர்க்கால போட்டோ ஒன்று பிற்காலத்தில் ஜான் தாமஸ் என்ற சட்டப் பேராசிரியர் கண்ணில் பட்டது. கிடாரே செய்யாத காலத்தில் இத்தனை பெண்களுக்கு அங்கே என்ன வேலை என்று அவர் தேட ஆரம்பித்தார். உயிரோடு இருந்த சிலரை வயதான காலத்தில் கண்டுபிடித்து பேசினார். ராணுவ பொருட்களோடு கிடாரும் செய்தது தெரியவந்தது. கம்பெனியின் பழைய கணக்கு புத்தகங்களும் ஆயிரக்கணக்கில் கிடார் வெளியே போனதை காட்டின.

அவர் அதோடு விடவில்லை. போர்க்கால கிடார்களையும் மற்ற காலத்து கிடார்களையும் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட்டார். பெண்கள் செய்தவற்றில் மரம் இன்னும் மெலிதாக, நேர்த்தியாக இழைக்கப்பட்டிருந்தது தெரிந்தது. புதுசா வேலைக்கு வந்தவங்கதானே என்று நினைத்தவர்களுக்கு மரமே பதில் சொன்னது! இந்த விவரங்களை 'கலமசூ கேல்ஸ்' என்ற பெயரில் அவர் புத்தகமாகவும் எழுதினார்.

அடையாளம் என்ன?

1942 முதல் 1945 வாக்கில் வரை கிப்சன் கிடார்களின் தலைப்பகுதியில் தங்க நிறத்தில் ஒரு சின்ன பட்டை இருக்கும். 'ஒன்லி எ கிப்சன் ஈஸ் குட் எனஃப்' என்று அதில் எழுதியிருக்கும். கிப்சன் மட்டும்தான் தரமானது என்று அர்த்தம். பட்டை உள்ளவற்றில் பெரும்பாலும் தட்டை முக கிடார்கள்தான். எல்-50 போன்ற ஆர்ச்டாப்கள் குறைவு. அதனால்தான் இத்தனை கிராக்கி.

பட்டையை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. மறுபடி பாலிஷ் போட்டபோது அது அழிந்துபோன கிடாரும் உண்டு, பிறகு ஒட்டிய கிடாரும் உண்டு. துளை வழியாக கண்ணாடி விட்டு உள்ளே முத்திரை எண்ணை பார்க்கணும். கழுத்தில் கம்பி இருக்கிறதா என்று காந்தம் வைத்தும் சோதிப்பார்கள்.

பெயர் இல்லாத உழைப்பு

போர் முடிந்து ஆண்கள் திரும்பியதும் பெண்கள் பலரின் வேலை முடிந்தது. அவர்கள் செய்த கிடாரில் கம்பெனி பெயர்தான் இருந்தது. செய்தவர் பெயர் ஒன்றில்கூட இல்லை. கம்பெனியும் 1984-ல் கலமசூ தொழிற்சாலையை மூடிவிட்டு நாஷ்வில் நகருக்கு போய்விட்டது.

இன்று ஒருவர் அந்த கிடாரை மீட்டினால் சத்தம் அதே கணீர்தான். இழைத்த கைகள் யாருடையது என்பது இப்போதாவது வெளியே தெரிந்ததே!